கணையத்தின் பொறுப்பைக் கையேற்கும் செவிலியர்

இரைப்பைக்குப் பின்னே வயிற்றின் குறுக்காகக் கிடக்கும் கணையம், ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் நீளமே கொண்ட சிறிய உறுப்பு என்றாலும், செரிமான மண்டலத்திலும் நாளமில்லாச் சுரப்பி மண்டலத்திலும் ஒருசேர இடம்பெற்றிருப்பதால் மருத்துவ நூல்களில் இரண்டு இடங்களில் பேசப்படுகிறது. அதன் திசுவில் மிகப் பெரும்பகுதி, கொழுப்பையும் புரதத்தையும் மாவுச்சத்தையும் சிதைக்கும் நொதிகள் அடங்கிய கணையநீரை நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் அளவில் சுரந்து, குழாய் வழியே முன்சிறுகுடலில் சேர்க்கிறது. எஞ்சிய நூற்றுக்கு ஓரிரு பங்கு, 1869-இல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற இளைஞர் நுண்ணோக்கியில் கண்டு விவரித்த செல்திட்டுகளாகும். இவை குழாய் எதுவுமின்றி, இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினையும், கல்லீரலில் சேமித்த சர்க்கரையை வெளிக்கொணர்ந்து அதை உயர்த்தும் குளுக்கானையும் நேரடியாக இரத்தத்தில் கலக்கின்றன.

இவ்விரு பணிகளும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்ற எண்ணம் 1902-இலேயே தளர்ந்துவிட்டது. லண்டனில் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற இரு உடலியங்கியல் அறிஞர்கள், அமிலம் கலந்த உணவு சிறுகுடலை அடையும்போது குடற்சுவர் 'செக்ரீட்டின்' என்ற பொருளை இரத்தத்தில் விடுவதையும், அது கணையத்தைச் சென்றடைந்து கணையநீரைச் சுரக்கத் தூண்டுவதையும் கண்டறிந்தனர். ஹார்மோன் என்ற கருத்தே இந்தக் கண்டுபிடிப்பிலிருந்துதான் உருப்பெற்றது. சர்க்கரையை நரம்பு வழியே ஏற்றுவதைவிட வாய்வழி கொடுக்கும்போது கணையம் கூடுதலாக இன்சுலின் சுரப்பதற்கும், உணவு வந்துவிட்டதென்று குடல் அனுப்பும் ஹார்மோன்களே காரணம். எனவே செவிலியர் பாடத்திட்டத்தில் செரிமான நோய்களும் நாளமில்லாச் சுரப்பி நோய்களும் தனித்தனி அலகுகளாகக் கற்பிக்கப்பட்டாலும், நோயாளியின் உடலில் அந்தப் பிரிவினை இல்லை.

நலமான கணையம் இரத்தச் சர்க்கரையை இடைவிடாமல் உணர்ந்து, அதற்கேற்ப இன்சுலினின் அளவைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கிறது. அது பழுதுபடும்போது மருத்துவர் நாளுக்கு ஓரிரு முறை வந்து மருந்தின் அளவை எழுதிச் செல்கிறார். அந்த இரண்டு வருகைகளுக்கும் இடைப்பட்ட மணிநேரங்களில் நோயாளி என்ன உண்டார், எவ்வளவு வாந்தி எடுத்தார், சிறுநீர் எத்தனை மில்லிலிட்டர் போனது, சர்க்கரை எந்தப் பக்கம் நகர்கிறது என்று கவனித்து, எழுதிய அளவு இப்போதும் பொருந்துமா என்று முடிவுசெய்யும் பொறுப்பு செவிலியருடையது. கணைய நோய்களைப் பொறுத்தவரை இந்தக் கவனிப்பைச் சிகிச்சைக்குத் துணையானது என்று மட்டும் சொல்வது போதாது. சிகிச்சையின் பெரும்பகுதி அதுவே.

இதை மிகத் தெளிவாகக் காணக்கூடிய இடம், பொது மருத்துவ வார்டின் காலை உணவு வேளை. விரல்நுனியில் குத்தி ஒரு துளி இரத்தத்தில் சர்க்கரையைப் பார்க்கும் சோதனையை வார்டுகளில் 'சி.பி.ஜி.' என்பார்கள். நோயாளி சற்று முன் பழம் உரித்திருந்தால் விரலில் ஒட்டிய சர்க்கரையே அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டும் என்பதால் கையைக் கழுவித் துடைக்கச் சொல்வதும், வலி குறைய வேண்டும் என்பதற்காக விரலின் நடுச்சதையை விட்டுப் பக்கவாட்டில் குத்துவதும் அனுபவமுள்ள செவிலியரின் வழக்கம். அடுத்து வருவது நேரம். சாதாரண இன்சுலினை உணவுக்கு அரைமணி முன்னதாகவும், லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் போன்ற விரைவுவகை இன்சுலினை உண்ணத் தொடங்கும் வேளையிலும் போட வேண்டும். ஆனால் வார்டில் உணவு வண்டி தாமதமாகலாம். வெளியே இட்லி வாங்கப் போன உறவினர் திரும்பாதிருக்கலாம். ஊசி போட்டு முடித்தபின், வெறும் வயிற்றோடு ஸ்கேனுக்கு வரவேண்டும் என்ற அழைப்பு வரலாம். உணவு கைக்கு எட்டும் என்று உறுதியான பிறகே ஊசி என்ற விதியும், நோயாளி நான்கு இட்லியில் இரண்டைத்தான் உண்டார் என்று குறிப்பேட்டில் எழுதும் பழக்கமும், எந்த விலையுயர்ந்த கருவிக்கும் ஈடான பாதுகாப்பை அளிக்கின்றன.

நெடுநாள் நீரிழிவுள்ள சிலருக்கு உணவை உண்டபின்னும் சிக்கல் தீர்வதில்லை. இரைப்பையை இயக்கும் நரம்புகள் பாதிக்கப்பட்டு, உணவு மணிக்கணக்கில் அங்கேயே தங்கிவிடும் 'இரைப்பை மந்தம்' அவர்களுக்கு உண்டாகலாம். போட்ட இன்சுலின் உரிய நேரத்தில் வேலைசெய்யும். செரித்த மாவுச்சத்து உரிய நேரத்தில் வந்து சேராது. ஆகவே உண்ட சிறிது நேரத்தில் சர்க்கரை தாழ்ந்து, பல மணிநேரம் கழித்துக் காரணமின்றி ஏறியதுபோல் தோன்றும். கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுகிறது, நேற்றிரவு உண்டது காலை வாந்தியில் வந்தது என்று நோயாளி சொல்வதைச் செரிமானக் கோளாறு என்று ஒதுக்கிவிடாமல், சர்க்கரைக் குறிப்போடு சேர்த்து மருத்துவரிடம் சொல்லும் செவிலியரே இந்த நோயை முதலில் அடையாளம் காண்பவராக இருக்கக்கூடும்.

இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குவதைத் தாழ்சர்க்கரை நிலை என்று வரையறுக்கின்றனர். வார்டிலும் வீட்டிலும் மக்கள் அதை 'லோ சுகர்' என்றே சொல்கிறார்கள். முதலில் வியர்வை, படபடப்பு, கைநடுக்கம், கடும்பசி ஆகியவை தோன்றும். 54-க்குக் கீழே சென்றால் மூளைக்கு எரிபொருள் போதாமல் குழப்பமும் பேச்சுத் தடுமாற்றமும், பின்னர் வலிப்பும் மயக்கமும் நேரிடும். முதியவரிடம் இந்தக் குழப்பம் பக்கவாதம்போலத் தோன்றலாம். நடுவயது ஆணிடம் குடிபோதை என்று தவறாக எண்ணப்படலாம். நினைவோடு இருப்பவருக்கு 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டியை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து, ஏறவில்லையெனில் மறுபடியும் கொடுப்பது நிலைபெற்ற முறை. இதில் அடிக்கடி மறக்கப்படும் ஒரு நுணுக்கம் உண்டு: வோக்ளிபோஸ், அகார்போஸ் ஆகிய மாத்திரைகள் சர்க்கரையைச் சிதைக்கும் குடல் நொதியைத் தடுப்பவை என்பதால், அவற்றை உண்பவருக்குச் சமையலறைச் சர்க்கரை விரைவில் பலன் தராது, குளுக்கோஸ் பவுடரையே கொடுக்க வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். அவருக்கு நரம்பு வழியே டெக்ஸ்ட்ரோஸ் அல்லது தசையில் குளுக்கான் ஊசி தரப்படுகிறது. கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையால் சர்க்கரை தாழ்ந்திருந்தால், ஒருமுறை தெளிந்து எழுந்தவர் சில மணிநேரத்தில் மீண்டும் மயங்கலாம். ஆகவே நோயாளி எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்பதற்காகக் கண்காணிப்பை நிறுத்தக்கூடாது.

இதற்கு நேர் எதிரான முனையில் இருப்பது நீரிழிவு கீட்டோன் அமிலத்தேக்கம். இன்சுலின் அறவே போதாமல் போகும்போது, செல்களால் சர்க்கரையைப் பயன்படுத்த முடியாத உடல் கொழுப்பைச் சிதைக்கத் தொடங்க, அதன் விளைவாகப் பிறக்கும் கீட்டோன்கள் இரத்தத்தை அமிலமாக்குகின்றன. சேர்ந்த அமிலத்தைக் கரியமில வாயுவாக வெளியேற்ற நுரையீரல் முயல்வதால் மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் நடக்கிறது. அடால்ஃப் குஸ்மால் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1874-இல் விவரித்த இந்த மூச்சும், அதில் கலந்து வரும் பழவாடையும் நோயைக் காட்டிக்கொடுப்பவை. ஆயினும் பலர் மருத்துவமனைக்கு வருவது வயிற்றுவலியோடும் வாந்தியோடும்தான் என்பதால், செரிமான நோயாகவே இது முதலில் கருதப்படும் ஆபத்து உண்டு. வாந்தியோடு வரும் எவருக்கும் ஒருமுறை சி.பி.ஜி. பார்த்துவிடுவது நல்லது. சர்க்கரை பெரும்பாலும் 250-க்கு மேல் இருக்கும். ஆனால் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்று சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரைகளை உண்பவரிடம் அது அவ்வளவு உயராமலேயே அமிலம் தேங்கிவிடக்கூடும் என்பதால், எந்த மாத்திரை உண்கிறார் என்று கேட்டறிவதும் அந்த முதல் சில நிமிடங்களின் வேலையே.

வளர்ந்தவர் ஒருவரின் உடலில் இந்நோயால் ஏறக்குறைய ஆறு லிட்டர் வரை நீர் வற்றியிருக்கும். எனவே சலைன் முதலில் விரைவாகவும் பிறகு அளந்தும் ஏற்றப்படுகிறது. அதன்பின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு 0.1 அலகு வீதம் இன்சுலின் நரம்பு வழியே செல்கிறது. இங்கே செவிலியர் அறிந்திருக்க வேண்டிய மிக முக்கியமான உண்மை பொட்டாசியத்தைப் பற்றியது. இன்சுலின் சர்க்கரையைச் செல்லுக்குள் செலுத்தும்போது பொட்டாசியமும் கூடவே உள்ளே நுழைவதால், இரத்தத்தில் அதன் அளவு திடீரெனச் சரிந்து இதயத்துடிப்பு தாறுமாறாகலாம். ஆகவே பொட்டாசியம் மிகக் குறைவாக இருப்பவருக்கு அதை ஈடுசெய்த பிறகே இன்சுலின் தொடங்கப்படுகிறது. இன்சுலின் பிளாஸ்டிக் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது என்பதால், கலந்த திரவத்தில் 20 மில்லிலிட்டர் அளவைக் குழாய் வழியே வெளியே ஓடவிட்டு, அதன்பின் நோயாளியோடு இணைப்பது வழக்கம். இதைச் செய்யாவிட்டால் மருந்தைச் செலுத்தும் பம்பின் திரையில் எண் சரியாக ஓடிக்கொண்டிருக்கும். நோயாளிக்கு முதல் மணிநேரத்தில் போதுமான மருந்து சேர்ந்திராது.

சர்க்கரை மணிக்கு 50 முதல் 75 மில்லிகிராம் வரை இறங்குவது விரும்பத்தக்கது. அது 200 முதல் 250 வரையிலான எல்லைக்கு வந்ததும், புதிதாகப் பணிக்கு வந்தவருக்கு இன்சுலினை நிறுத்திவிடலாம் என்று தோன்றும். உண்மையில் சர்க்கரை இறங்கிய பின்னும் கீட்டோன்கள் இரத்தத்தில் எஞ்சியிருக்கும். அவற்றை நீக்குவது இன்சுலினே. அதனால் டெக்ஸ்ட்ரோஸைச் சேர்த்துக்கொண்டு இன்சுலினைத் தொடர்கிறார்கள். பின்னர் தோலடி ஊசிக்கு மாறும்போதும், நெடுநேரம் வேலைசெய்யும் இன்சுலினைப் போட்டு ஓரிரு மணிநேரம் கழித்தே டிரிப்பை நிறுத்த வேண்டும். நரம்பில் சென்ற இன்சுலினின் ஆயுள் சில நிமிடங்களே. இப்படி ஒரே ஒரு நோயாளிக்கு மணிக்கொரு சர்க்கரைச் சோதனை, மணிக்கொரு சிறுநீர் அளவு, சில மணிநேரத்துக்கு ஒருமுறை பொட்டாசியம், இடையறாத மூச்சு, நாடி, நினைவுநிலைக் கவனிப்பு என்று கணக்கிட்டால், முழு வார்டையும் பார்க்கும் செவிலியரால் இதைச் செய்ய இயலாது என்பது விளங்கும். மணிக்கு ஒருமுறை என்று எழுதப்பட்ட உத்தரவு மூன்று மணிநேரத்துக்கு ஒருமுறையாக நிறைவேறும்போது குறை தனி ஒருவருடையது ஆகாது. பணியிடங்களை நிரப்பாமல் விட்ட நிர்வாகத்துடையது.

கணையத்தின் மற்றொரு பாதி பழுதுபடும் விதம் வேறு. குடலை அடைந்த பிறகே விழிக்க வேண்டிய நொதிகள், பித்தப்பைக் கல் குழாயை அடைப்பதாலோ மதுவாலோ கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டு அந்த உறுப்பையே செரிக்கத் தொடங்குவது தீவிரக் கணைய அழற்சி. மேல்வயிற்றில் தோன்றி முதுகுக்குப் பரவும் வலி, மல்லாந்து படுத்தால் மிகுந்தும், முன்னோக்கிக் குனிந்து உட்கார்ந்தால் சற்றுத் தணிந்தும் காணப்படும். இந்நோய்க்கான பராமரிப்பு அண்மைக் காலத்தில் பெரிதும் மாறியுள்ளது. கணையத்துக்கு ஓய்வு தருவதாக எண்ணி நோயாளியை நாள்கணக்கில் பட்டினி போட்ட பழைய முறையைக் கைவிட்டு, வாந்தி அடங்கிப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் முதல் 24 மணிநேரத்துக்குள்ளேயே வாய்வழி உணவைத் தொடங்க இன்றைய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. குடல் வெறுமையாகக் கிடந்தால் அதன் உட்சுவர் நலிந்து, கிருமிகள் இரத்தத்துக்குள் கசியும் என்பதே காரணம். ஏற்றும் திரவத்தின் அளவிலும் இதேபோன்ற மாற்றம் வந்தது. 2022-இல் வெளியான 'வாட்டர்ஃபால்' என்ற ஆய்வில், மிகுதியாகத் திரவம் ஏற்றப்பட்டவர்களில் 20.5 விழுக்காட்டினருக்கும், மிதமாக ஏற்றப்பட்டவர்களில் 6.3 விழுக்காட்டினருக்கும் உடலில் நீர் தேங்கியது. நோயின் கடுமையோ மிகுதியாக ஏற்றியதால் குறையவில்லை. மிதம் எது, மிகுதி எது என்பதைப் படுக்கையருகே அறியும் வழிகள், எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு அரை மில்லிலிட்டராவது போகவேண்டிய சிறுநீர், மூச்சின் எண்ணிக்கை, நுரையீரலின் அடிப்பகுதியில் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் மெல்லிய நெரிசல் ஒலி ஆகியவை.

இரத்த அழுத்தம் பார்க்கும்போதே ஒரு செவிலியரால் கண்டுபிடிக்கக்கூடிய சிக்கலும் இதில் உண்டு. சிதைந்த கொழுப்போடு கால்சியம் பிணைந்துவிடுவதால் இரத்தத்தில் அதன் அளவு குறைந்து, கையில் கட்டிய பட்டையைச் சில நிமிடம் இறுக்கி வைத்தால் மணிக்கட்டு மடங்கி, விரல்கள் விறைத்துக் குவியும். இந்த அடையாளத்தைக் கண்டவுடன் மருத்துவரை அழைக்க வேண்டும்; அடுத்த சுற்று வரை காத்திருக்கலாகாது.

அழற்சி நாள்பட்டதாக மாறும்போதுதான் கணையத்தின் இரண்டு பாதிகளும் ஒன்றாகச் சரிகின்றன. இதற்குத் தென்னிந்தியாவோடு நேரடித் தொடர்புள்ள ஒரு வடிவம் உண்டு. மது அருந்தாத இளைஞர்களின் கணையக் குழாயில் பெரிய கற்கள் உருவாகி, பின்னர் நீரிழிவும் தோன்றும் வெப்பமண்டலக் கணைய அழற்சியை 1959-இல் இந்தோனேசியாவிலிருந்து சுய்டெமா என்ற மருத்துவர் விவரித்தார்; அதன்பின் கேரளத்தில் கீவர்கீஸ் என்ற மருத்துவர் நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் ஆராய்ந்தார்; சென்னையிலும் இதைப்பற்றி விரிவான ஆய்வுகள் நடந்தன. மரவள்ளிக்கிழங்கே காரணம் என்று ஒருகாலத்தில் ஐயுற்றாலும் அது நிறுவப்படவில்லை. நோயாளிகள் பலரிடம் 'ஸ்பிங்க்1' என்ற மரபணுவின் மாற்றம் காணப்படுகிறது.

இத்தகையவரின் நீரிழிவு சாதாரண வகையைவிடக் கையாளக் கடினமானது. இன்சுலின் சுரக்கும் செல்களோடு குளுக்கான் சுரக்கும் செல்களும் அழிவதால், சர்க்கரை தாழ்ந்தால் அதை மீட்டெடுக்கும் ஏற்பாடு உடலில் இல்லாமல் போகிறது. உண்டால் வலிக்குமே என்று அஞ்சி உணவைக் குறைத்துக்கொள்பவர் வழக்கமான இன்சுலின் அளவைப் போட்டுக்கொண்டால் ஆபத்து இரட்டிப்பாகிறது. செரிமான நொதியும் போதாததால் உண்டதில் எவ்வளவு உடலில் சேரும் என்பதும் நிச்சயமில்லை. வலி எப்படி என்று கேட்கும் அதே மூச்சில் எவ்வளவு சாப்பிட்டார், மலம் எப்படிப் போகிறது என்றும் கேட்பது இங்கே இன்றியமையாதது. எண்ணெய்ப் படலம் மிதக்க, கடுநாற்றத்தோடு, தண்ணீர் ஊற்றியும் எளிதில் போகாத மலம், கொழுப்பு செரிக்காமல் வெளியேறுவதன் அடையாளம். இதைத் தாமாகச் சொல்லப் பலர் கூச்சப்படுவார்கள்.

நொதி கேப்சூலை முதல் சில கவளங்களோடு விழுங்கி, உணவு நீண்டால் இடையிலும் எடுத்துக்கொள்ள வேண்டும். பொடித்தோ மென்றோ உண்ணலாகாது. உணவுக்கு வெகு முன்போ பின்போ போட்டால் நொதி உணவோடு கலக்காமல் வீணாகும். அது பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது என்பதால், இஸ்லாமியருக்கும் சைவ உணவினருக்கும் அதை முன்கூட்டியே தெரிவித்து, அவர்களின் ஒப்புதலோடு தொடங்குவதே முறை. நொதி வேலைசெய்யத் தொடங்கியதும் உணவு நன்றாக உட்கிரகிக்கப்பட்டுச் சர்க்கரை ஏறலாம் என்பதையும் நோயாளியிடம் சொல்லிவைக்க வேண்டும்; சொல்லாவிட்டால் மருந்தே சர்க்கரையைக் கெடுத்தது என்று எண்ணி அதை நிறுத்திவிடுவார்.

மருத்துவமனையில் செவிலியர் கையேற்ற பொறுப்பு, வீடு திரும்பும் நாளில் நோயாளியிடமும் குடும்பத்திடமும் ஒப்படைக்கப்படுகிறது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நீரிழிவு ஆய்வின்படி தமிழ்நாட்டில் வளர்ந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. 2021 முதல் நடைபெறும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரைகள் வீடுதேடி வருகின்றன. மருந்து வந்துவிடுகிறது; அதைப் பயன்படுத்தும் திறமையை யாரேனும் கற்றுத்தர வேண்டும். வார்டைவிட்டுப் போகும் முன் செவிலியர் செய்து காட்டுவதோடு நில்லாமல், நோயாளியையே தம் கண்முன் ஊசி ஏற்றச் செய்து பார்ப்பது இதற்காகவே. ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தால் தோலடியில் கொழுப்பு தடித்துக் கட்டியாகி, இன்சுலின் சீராக உறிஞ்சப்படாது என்பதால் வயிறு, தொடை என இடத்தை மாற்ற வேண்டும். பிரிக்காத குப்பி குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். உறைந்துவிட்டால் தூக்கி எறிய வேண்டியதுதான். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் ஈரமாக வைத்த மண்பானைக்குள், நீர் படாதபடி குப்பியை வைப்பது பயனுள்ள வழி. உணர்வு குன்றிய பாதத்தோடு, கோடையில் கோயில் பிரகாரத்தின் கருங்கல்லில் வெறுங்காலோடு சுற்றி வந்தவருக்குச் சூட்டுக் கொப்புளம் எழுந்தது மாலையில்தான் தெரியவரும்; அவர் விடியற்காலையில் வழிபாட்டை முடித்துக்கொள்வதும், பிற நேரங்களில் மென்மையான நுண்துளை ரப்பரால் ஆன எம்.சி.ஆர். செருப்பு அணிவதும் காலைக் காக்கும். வாந்தி, காய்ச்சல் வந்த நாளில் சாப்பிடவில்லையே என்று இன்சுலினை முற்றிலும் நிறுத்திவிடாமல், சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொண்டு மருத்துவமனையை அழைக்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுப்பது நல்லது.

வீட்டில் நேரும் பிழைகளில் எளிதில் தவிர்க்கக்கூடியதும், கவனிக்காவிட்டால் மிகக் கொடியதும் ஊசியும் குப்பியும் பொருந்தாமல் போவது. இந்தியாவில் இன்சுலின் குப்பிகள் ஒரு மில்லிலிட்டரில் 40 அலகு கொண்டவை, 100 அலகு கொண்டவை என இரு செறிவுகளில் கிடைக்கின்றன. முதல் வகைக்கான ஊசிக்குச் சிவப்பு மூடியும், இரண்டாவதற்கு ஆரஞ்சு மூடியும் இருக்கும். 100 அலகுக் குப்பியிலிருந்து சிவப்பு மூடி ஊசியில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உடலுக்குள் செல்வது 50 அலகு. 40 அலகுக் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி ஊசியில் அதே கோடு வரை இழுத்தால் செல்வது 8 அலகு மட்டுமே. முன்னது சில மணிநேரத்தில் உயிரைப் பறிக்கலாம். பின்னது சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று தெரியாமலே நோயாளியை அலையவிடும். இன்சுலின் போட்டுக்கொள்பவர் இருக்கும் வீட்டில் இதைப் படிப்பவர் இன்றைக்கே குப்பியை எடுத்து அதன் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணையும் ஊசியின் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இரண்டும் வேறாக இருந்தால் அடுத்த ஊசியைப் போடும் முன் அருகிலுள்ள செவிலியரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டிச் சரியான ஊசியை வாங்கிக்கொள்ளட்டும்.